கையில் ஓடு இருக்கிறது

மே 4, திங்கள்

வந்து சேர்ந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்திலிருந்து செம்மண் பாதையில் ஆட்டோ குலுங்கிக் குலுங்கி வந்தது. பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றை எங்கள் அகழாய்வுக் குழு வாடகைக்கு எடுத்திருக்கிறது. ஒரு வகுப்பறையில் நான் தங்க வேண்டும், அடுத்ததில் வேலை. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு பாதிவரை எழுதியிருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

தாழி சாக்குகளில் இருக்கிறது. பின்னாலுள்ள செம்மண் மேட்டைப் பரம்பு என்கிறார்கள். அங்கே தோண்டும்போதே நொறுங்கிக் கிடந்ததாம். முதுமக்கள் தாழிதான், இறந்தவரை உள்ளே வைத்துப் புதைக்கும் பெரிய பானை. ஒட்டி முடித்தால் என் நெஞ்சளவு வரும் என்று நினைக்கிறேன். உள்ளே இருந்த மண்ணையெல்லாம் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். ஓடுகள் மட்டும்தான் என் பொறுப்பு.

குழுத் தலைவர் நெல்லையப்பன் சார் போனில் அழைத்தார். தாழியை ஒட்ட வேண்டும், பாசிமணிகளைப் படம் எடுக்க வேண்டும், கண்காட்சிக்கு விவர அட்டைகள் எழுத வேண்டும், அறிக்கையும் பாக்கி என்றார். முதலில் தாழி சார், அது முடிந்த பிறகு மற்றது என்றேன். சிரித்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாவும் அழைத்தாள். ஒரு தேதி குறிக்க வேண்டுமாம். அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி போனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வேலை முடியும்வரை பகலில் அது அங்கேயே இருக்கட்டும்.

மே 6, புதன்

ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, நிறமும் கனமும் பார்த்துப் பிரித்தாயிற்று. வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. பழைய லாரி டயருக்குள் மணல் பரப்பி, தாழியின் அடிப்பாகத்தை அதில் நிறுத்தியிருக்கிறேன். இனி மேல்நோக்கிப் போக வேண்டும்.

பார்ப்பவர்கள் இதைப் பொறுமையான வேலை என்பார்கள். பிடிவாதமான வேலை என்பதுதான் சரி. ஓட்டின் விளிம்பில் பசை தடவி, சேரும் இடத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பசை இறுகும்வரை அசையக் கூடாது. இங்கே மயிரிழை விலகினால் மேலே போகப் போக அந்த விலகல் வளர்ந்து, கடைசியில் வாய் கூடாமல் போகும். அதனால் கையில் ஓடு இருக்கும்போது நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

கொம்பையாவிடம் இதைச் சொல்லிவைத்தேன். இங்கே காவல், சமையல் இரண்டும் அவர்தான். புரிந்ததாகத் தலையாட்டினார். பிறகு டீ போடட்டுமா என்று கேட்க வந்தார், கரண்டு போய்விட்டது என்று சொல்ல வந்தார், குழம்பில் முருங்கைக்காய் போடலாமா என்று கேட்க வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் பேசாமல் இருந்தேன். அவரும் கதவருகே நின்று, ஓட்டிலிருந்து நான் கையை எடுத்த பிறகு அதே கேள்வியை முதலிலிருந்து கேட்டார். நல்ல மனிதர்.

மே 8, வெள்ளி

உச்சிவேளையில் இங்கே ஒரு சத்தமும் இருப்பதில்லை. காக்கைகூடக் கரைவதில்லை. கொம்பையா முன்வாசல் வேப்பமரத்தடியில் உறங்கிவிடுவார்.

இன்று அந்த நேரத்தில் ஒரு பெரிய ஓட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கச் சன்னலிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"தாயி, சேந்துட்டா?"

பக்கத்து ஊரிலிருந்து யாராவது வேடிக்கை பார்க்க வந்திருப்பார்கள். பதில் சொல்லவில்லை, திரும்பவும் இல்லை. சன்னல் வெளிச்சம் தாழியின் மேல் விழும். அதில் ஒரு நிழல் இருந்தது, முக்காடு போட்ட தலை போல. பசை இறுகிக் கையை எடுத்துத் திரும்பியபோது யாரும் இல்லை.

ஓடு சரியாக உட்கார்ந்திருக்கிறது.

மே 9, சனி

அம்மாவின் தவறிய அழைப்புகள். கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். கையில் ஓடு இருந்தது.

மே 11, திங்கள்

நேற்றும் இன்றும் அதே நேரம், அதே கேள்வி. ஓட்டை வைத்து அழுத்திய கணத்தில்தான் கேட்கிறாள். நான் திரும்ப முடியாத நேரம் அவளுக்கு எப்படியோ தெரிகிறது.

சாப்பிடும்போது கொம்பையாவிடம், ஊர்ப் பெண்களை உள்ளே விடாதீர்கள், வேலை கெடுகிறது என்றேன். யாரும் வரவில்லையே என்றார். பின்பக்கச் சன்னலில் வந்து பேசுகிறார்களே என்றேன். கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அங்கன ஆள் நிக்க முடியாதும்மா. சன்னலுக்கு அங்கிட்டு குழிதான கெடக்கு."

மே 12, செவ்வாய்

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டியே தோண்டியிருக்கிறார்கள். குழிக்குள் இறங்கி நின்று கையை உயர்த்தினாலும் எனக்குச் சன்னல் எட்டாது. இந்தத் தாழி கிடைத்த குழியும் அதுதான். சுற்றிலும் முள்கம்பி வேலி.

தோண்டிப்போட்ட மண்குவியல்மேல் ஏறி நின்றிருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் மண்ணை மறுபக்கம் கொட்டியிருக்கிறார்கள்.

பசையின் வாடை தலைக்கு ஏறினால் இல்லாதது கேட்கும் என்று படிக்கும்போது சொல்லியிருக்கிறார்கள். எல்லாச் சன்னல்களையும் திறந்துவைத்தேன். பின்பக்கச் சன்னலை மட்டும் மூடினேன்.

மே 14, வியாழன்

தாழி பாதி உயர்ந்துவிட்டது. உள்ளே குனிந்தால் என் மூச்சு எனக்கே கேட்கிறது. சன்னலை மூடியிருந்தும் கேள்வி வந்தது. இன்று பதில் சொன்னேன், திரும்பாமல்.

இன்னும் சேரவில்லை என்றேன். பிறகு, "உள்ள ஆள் இருந்தாவளா தாயி?" என்றாள். மரியாதையோடு, வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போல. பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்றேன். பார்த்துச் சொல் என்றாள். அவ்வளவுதான். அந்தக் குரலில் பயமுறுத்துவது எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்கள் நர்ஸிடம் கேட்பது போலத்தான் இருந்தது. அப்படியும் என் பிடி தளர்ந்துவிட்டது. ஓடு விலகி, பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அம்மாவோடு பேசினேன். பேசியது முழுக்க அவள்தான். பங்குச்சாமி 23ஆம் தேதி சனிக்கிழமை சரி என்றிருக்கிறாராம். பெட்டி செய்யச் சொல்லியாயிற்றாம். கஸ்பாரின் சட்டையும் வேட்டியும் துவைத்து மடித்து வைத்திருக்கிறாளாம்.

கஸ்பார் என் தம்பி. கடலுக்குப் போயிருக்கிறான். ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு, சாம்பல் புதன் கழிந்த வாரத்தில் அவர்கள் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போன சிலுவை என்பவனையும் இன்னொருவனையும் வேறொரு படகுக்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள். கஸ்பார் இன்னும் கிடைக்கவில்லை. எத்தனையோ பேர் எங்கெங்கோ கரை ஒதுங்கி, மாதக்கணக்கில் கழித்து வீடு வந்திருக்கிறார்கள். இதில் அவசரப்பட என்ன இருக்கிறது? ஆள் இல்லாத பெட்டியைப் புதைக்க நான் ஏன் வர வேண்டும் என்று அம்மாவிடம் கேட்கவில்லை. வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மே 17, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உச்சிவேளை. தோள்பகுதியின் பெரிய ஓடு. வளைவு சிக்கலானது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். வைத்து அழுத்தினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏ அரசி."

என் பெயர் விண்ணரசி. வீட்டில் மட்டும்தான் அரசி. இவளுக்கு அது எப்படித் தெரிந்தது? அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, சேரட்டும், சேரட்டும் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே பிடித்திருந்தேன். அதன் பிறகு கூப்பிடவில்லை. ஆனால் யாரோ அறைக்குள் இருந்தார்கள். துணி உரசுவதும் மூச்சு வாங்குவதும் கேட்டது. பசை இறுகிய பிறகும் கையை எடுக்கத் துணிவு வராமல் நின்றேன்.

கடைசியில் திரும்பினால், மாணவர் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. வெயிலில் நடந்து வந்து முகம் கறுத்துப்போயிருந்தது.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தாழியைச் சுற்றிவந்து பார்த்தாள். இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகூடப் பூசைக்குப் போகாமல் யாருடைய பானைக்கோ காவல் இருக்கிறாயா என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் வேலையின் நுணுக்கத்தை விளக்க ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சனிக்கிழம வந்துரு. கூடப்பொறந்தவ நீ வரலன்னா ஊரு பேசும்னு சொல்லல. எனக்கு நீ கூட நிக்கணும்."

அப்போதுதான், போனில் சொல்லாததைச் சொன்னேன். அது வெறும் பெட்டி அம்மா, அவன் உயிரோடு வந்து நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

அம்மா யோசிக்கவே இல்லை.

"வந்தா வரட்டும். பெட்டியத் தோண்டி எடுத்துப் போட்டுட்டு அவனுக்குச் சோறு போடுதேன். அதுவரைக்கும் நான் எத்தன நாளு கடக்கரையில போயி நிக்க?"

அடுத்த ஓட்டை எடுத்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். என் கையில் ஓடு இருந்ததால் வாசல்வரை போய் வழியனுப்ப முடியவில்லை. கதவருகே நின்று சொன்னாள்:

"சன்னல்கிட்ட ஒரு பொம்பள நிக்கா பாரு. வெயில்ல நிக்கா. தண்ணி கேட்டா குடு."

நான் திரும்பியபோது பின்பக்கச் சன்னல் திறந்திருந்தது. மூடி, கொக்கி போட்டது நான்தான்.

மே 18, திங்கள்

கருவாடு வறுத்தேன். கொம்பையாவுக்கும் கொடுத்தேன். இன்று சன்னலுக்கு யாரும் வரவில்லை. வேலையும் ஓடவில்லை.

மே 20, புதன்

நெல்லையப்பன் சார் நேரில் வந்தார். மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம். எலும்பு இல்லை, சாம்பல் இல்லை, பல் ஒன்றுகூட இல்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் நெல் உமியும் ஒரு செம்பு வளையமும் மட்டும். வாய் மூடி, முறைப்படி புதைத்திருக்கிறார்கள். உள்ளே ஆளே இல்லை.

எலும்பு கரைந்து போயிருக்கலாமே என்றேன். பக்கத்துக் குழித் தாழிகளில் எலும்பு நன்றாகவே இருக்கிறதே என்றார். அப்படியானால் ஏன் புதைத்தார்கள் என்று கேட்டேன்.

"வெளியூர்ல செத்திருக்கலாம், போருக்குப் போயி திரும்பாம இருந்திருக்கலாம். நமக்குத் தெரியாது விண்ணரசி. காலியா ஒண்ணப் பொதைக்கிறதும் ஒரு வழக்கமா இருந்திருக்கு போல."

காலித் தாழியைப் பார்க்கக் கண்காட்சிக்கு யார் வருவார்கள், இதை இப்படியே விட்டுவிட்டு எலும்போடு கிடைத்த இன்னொன்றை எடுங்கள் என்றார். மாட்டேன் என்றேன். ஒரு வேலையைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்ததில் கை வைக்க என்னால் முடியாது. குரல் உயர்ந்துவிட்டது என் பக்கம். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் தணிந்து, வெள்ளிக்கிழமை மாலை லாரி வரும், அதற்குள் முடிந்தால் முழுத் தாழியாக ஏற்றுவோம், முடியாவிட்டால் சாக்கில் கட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளி மாலை லாரி. சனி காலை ஊரில் பூசை.

மே 21, வியாழன்

கழுத்து முடிந்தது. வாய் விளிம்பில் உள்ளங்கை அகலம் ஓர் ஓடு குறைகிறது. எல்லாச் சாக்குகளையும் உதறிப் பார்த்தாயிற்று. சாந்து வைத்து நிரப்பிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் கைகழுவப் போய்விட்டு வந்து பார்த்தால் பின்பக்கச் சன்னல் திட்டில், உள்பக்கமாக, அந்த ஓடு இருந்தது. எங்கள் எண் எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. கழுவாத ஓடு. செம்மண் அப்பியிருந்தது, விரலில் ஒட்டும் ஈரத்தோடு. இங்கே மழை பெய்து எத்தனையோ நாளாகிறது.

கொம்பையாவைக் கேட்டேன். அவர் ஓட்டைத் தொடவே மறுத்துவிட்டார். இரவு அவர் பெண்சாதி தனியாக இருக்கிறாளாம், இன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகிறாராம். வழக்கமாக அவர் அப்படிப் போகிறவர் அல்ல.

கழுவிக் காயவைத்திருக்கிறேன். நாளைக்கு அது ஒன்றுதான்.

மே 22, வெள்ளி

காலையில் போனை அலமாரியிலிருந்து எடுத்து அம்மாவுக்கு அழைத்தேன். சாயங்கால பஸ்ஸில் வருகிறேன் என்றேன். சரி என்றாள். நேற்றிரவு ஏதோ முடிவெடுத்தேன் என்றெல்லாம் இல்லை. காலையில் எழுந்தபோது போகத்தான் போகிறேன் என்று தெரிந்தது.

வெயில் உச்சிக்கு வரும்வரை காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். முன்பே ஒட்டியிருக்கலாம்.

கடைசி ஓட்டில் பசை தடவி வைத்தேன். இரண்டு கைகளும் தாழியின் வாயில். உள்ளே ஒரே இருட்டு. சன்னல் வெளிச்சம் மறைந்தது.

"தாயி, சேந்துட்டா?"

சேர்ந்துவிட்டது என்றேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உள்ளே யாரும் இல்லை, பார்த்துவிட்டார்கள், ஆள் இருந்த அடையாளமே இல்லை என்றேன்.

"தெரியும் தாயி. நாந்தான வச்சேன்."

ஓடு என் விரல்களுக்கிடையே குளிர்ந்திருந்தது. திரும்பியிருக்கலாம். கையை எடுத்தால் கெட்டுவிடும் என்பதற்காகத் திரும்பாமல் இருக்கவில்லை. பசை இறுகிவிட்டது எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்துவிட்டால் கேட்க முடியாமல் போகும் என்று தோன்றியது. தாழிக்குள் பார்த்தபடியே கேட்டேன்.

"பொறவு வந்தாவளா?"

போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகு, என் காதுக்குப் பக்கத்தில், சன்னலிலிருந்து அல்ல, பக்கத்தில்:

"வரல. அதப் பொதச்ச பொறவுதான் நான் மறுபடி அடுப்புல ஒல வச்சேன்."

வெளிச்சம் திரும்பியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். கஸ்பார் போன பிறகு அழுதது இன்றுதான். சத்தம் கேட்டுக் கொம்பையா ஓடிவந்து, என்ன ஆச்சு என்று தெரியாமல், டீ போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.

லாரி வந்தது. தாழியை வைக்கோல் சுற்றி முழுசாக ஏற்றினோம்.

மே 24, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

கோயிலில் பூசை முடிந்து பெட்டியை வெளியே கொண்டுவந்தார்கள். கல்லறைத் தோட்டம் கடலை ஒட்டி இருக்கிறது. மணலில் நடந்துதான் போக வேண்டும். அம்மா சட்டையையும் வேட்டியையும் தானே உள்ளே வைத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேறு எதுவும் வைக்கவில்லை. மூடி அறைந்ததும் என் கண்ணெதிரில்தான்.

தூக்க ஆண்கள் இருந்தார்கள். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். யாரும் தடுக்கவில்லை. என் எதிர்மூலையில் சிலுவை நின்றான். தண்ணீரில் கஸ்பாரின் கையைக் கடைசியாகப் பிடித்திருந்தவன் அவன். கரைக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் வராமலே இருந்தான்.

ஒரு சட்டை, ஒரு வேட்டி, மெல்லிய பலகை. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம் என்றுதான் குனிந்தேன். தூக்க வரவில்லை. எல்லோரும் ஒரு தடவை மூச்சு விட்டு, காலை மணலில் ஊன்றி, மறுபடி தூக்கினோம். தோளில் ஏறியதும் எலும்பு அழுந்தியது. முன்னால் போனவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னால் அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஈர மணலில் கால் புதைந்தது. கடைசித் திருப்பத்தில் என் பக்கம் சற்றுச் சாய்ந்ததும், பெட்டிக்குள் ஏதோ மெதுவாக என் தோள் பக்கம் நகர்ந்து சாய்ந்தது. சிலுவை அதை உணர்ந்திருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"பைய அக்கா," என்றான். "தம்பிக்கு வலிக்கும்."

கஸ்பாரைத் தூக்கிக்கொண்டு பைய நடந்தோம்.